கண்ணால் படிக்கும் ஊர்ச்செய்தி: காது கேளாதோருக்கான மாதச் செய்திமடலைத் தொடங்கி நடத்தும் முறை

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை முகாம் பற்றிய அறிவிப்பு ஒருமுறை எங்கள் தெருவில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வந்தது. பிறவியிலேயே காது கேளாத என் அக்கா அப்போது வாசற்படியில் அமர்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ தம்மைக் கடந்து போனதை அவர் பார்த்தார். அது தமக்குரிய செய்தியைத்தான் சொல்லிப் போகிறது என்பதை அறிய அவருக்கு வழி இருக்கவில்லை. முகாம் முடிந்து நான்கு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஏதோ பேச்சினிடையே சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டிற்கு விவரம் தெரிந்தது.

நம் ஊர்களில் செய்தி பெரும்பாலும் காது வழியாகவே பரவுகிறது. தேநீர்க் கடையிலும், ரேஷன் கடை வரிசையிலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில் பேசுவதிலும், யாரும் நமக்கென்று சொல்லாத எத்தனையோ தகவல்கள் நம்மை வந்து சேர்கின்றன. காது கேளாதவருக்கு அப்படித் தற்செயலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. யாராவது அவரை நோக்கித் திரும்பி, அவருக்குப் புரியும் மொழியில் சொன்னால் மட்டுமே செய்தி உண்டு. அந்த வேலையை மாதந்தோறும் தவறாமல் செய்வதற்காகவே திருநெல்வேலியில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சைகை மொழிக் காணொளியும் ஒரு பக்கத் தாளும் வெளியிட்டு வருகிறோம். வேறு மாவட்டங்களில் இதைத் தொடங்க விரும்புவோர்க்காக எங்கள் முறையை இங்கே எழுதுகிறேன்.

யாருக்காக என்பதை வகுத்துக்கொள்ளுதல்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அதிர்வெண்களில் இரு காதுகளிலும் 70 டெசிபல் கேட்புத்திறன் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவரைக் கேட்புத்திறன் குறைந்தவர் என்றும் வகுக்கிறது. சான்றிதழுக்கு இந்த அளவுகள் தேவை. செய்திமடல் நடத்துபவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவர் எந்த மொழியில், எந்த வடிவில் செய்தி பெறுகிறார்?

சிறுவயது முதல் காது கேளாமல், சிறப்புப் பள்ளியில் படித்து, இந்தியச் சைகை மொழியில் உரையாடுபவர்கள் ஒரு கூட்டம். நாற்பது ஐம்பது வயதுக்குப் பின் கேட்புத்திறன் குறைந்து, தமிழை நன்றாகப் படிப்பவர்களாகவும் சைகை அறியாதவர்களாகவும் இருப்போர் இன்னொரு கூட்டம். இவர்களில் பலர் தம்மை மாற்றுத்திறனாளி என்று எண்ணுவதே இல்லை, கூச்சத்தால் ஒதுங்கி வீட்டுக்குள் இருந்துவிடுகிறார்கள். குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று அண்மையில் அறிந்து திகைத்து நிற்கும் பெற்றோர் மூன்றாவது கூட்டம். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறப்பதால், இவர்களுக்கு முன்பின் தெரிந்த வழிகாட்டி ஒருவரும் இருப்பதில்லை. பார்வையும் கேட்பும் இரண்டுமே குறைந்தவர்கள் எண்ணிக்கையில் சிலரே ஆனாலும், அவர்களிடம் ஆள் நேரில் சென்று கையைத் தொட்டோ பெரிய எழுத்தில் எழுதியோ சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் பெயர்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சைகை மொழி, தமிழைக் கைகளால் எழுதிக் காட்டுவதன்று. அதற்கெனத் தனி இலக்கணம் இருக்கிறது: காலத்தைக் குறிக்கும் சைகை தொடக்கத்திலேயே வந்துவிடும், வினாச் சொல்லும் எதிர்மறையும் முடிவில் வரும், புருவமும் தலையசைவும் பொருளின் பகுதியாகவே அமையும். இம்மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அரசு அறிவிப்பின் நீண்ட வாக்கியம் அவருக்குப் புரியாமல் போவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. குழந்தைப் பருவத்தில் எந்த மொழியும் முழுமையாக அவரைச் சென்றடையாததே காரணம். இதைக் குழுவில் உள்ள அனைவரும் மனத்தில் பதித்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

சொற்களிலும் கவனம் தேவை. ஊமை, செவிடு என்ற சொற்கள் செய்திமடலில் எங்கும் வரக்கூடாது. காது கேளாதோர், கேட்புத்திறன் குறைந்தோர் என்றே எழுதுங்கள். பேசவியலாதவர் என்றும் பொதுவாக எழுத வேண்டாம்; சைகையில் அவர்கள் நாள் முழுதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குழு அமைத்தல்

செய்திமடலின் முகமாகவும் முடிவெடுப்பவராகவும் காது கேளாத ஒருவரே இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. காது கேட்கும் ஒருவர் எவ்வளவு நன்றாகச் சைகை கற்றிருந்தாலும், தாய்மொழியாகச் சைகை செய்பவரின் முகபாவமும் வேகமும் அவருக்கு வருவதில்லை. பார்ப்பவர்களும் தம்மவர் சொல்லும்போது கொள்ளும் நம்பிக்கையைப் பிறரிடம் கொள்வதில்லை. காது கேட்பவரின் பங்கு அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசுவது, அறிவிப்புகளைப் படித்து விளக்குவது, எழுத்துத் தாளைத் தயாரிப்பது ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும். இவ்விருவரோடு ஒரு சிறப்பாசிரியரோ சைகை மொழிபெயர்ப்பாளரோ, கைபேசியில் காணொளி வெட்டி ஒட்டத் தெரிந்த ஓர் இளைஞரும் சேர்ந்தால் நான்கு பேர் போதும்.

ஆட்களைத் தேடுவது கடினமன்று. மாவட்டக் காது கேளாதோர் சங்கம் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். பழைய சிறப்புப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் ஒருவரையொருவர் விடாமல் தொடர்பில் வைத்திருப்பார்கள். எங்கள் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள் தென்மாவட்டங்கள் முழுவதும் பரவியிருக்கிறார்கள். ஒருவரைப் பிடித்தால் ஐம்பது பேரைப் பிடித்ததாகும். சென்னையில் சாந்தோம் சி.எஸ்.ஐ. பள்ளி, லிட்டில் பிளவர் பள்ளி, அடையாறு செயின்ட் லூயிஸ் நிறுவனம் ஆகியவற்றின் முன்னாள் மாணவர்களிடையேயும் இத்தகைய பிணைப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஏதாவது ஒரு பேருந்து நிலைய வாசலிலோ பூங்காவிலோ சைகையில் பேசிக்கொண்டு நிற்கும் நண்பர் குழு ஒன்று பெரும்பாலான நகரங்களில் இருக்கும். அங்கே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். சைகை தெரியாவிட்டால் ஒரு தாளில் எழுதிக் காட்டினாலும் வரவேற்பார்கள்.

செய்தி திரட்டுதல்

மாதத்தின் முதல் வாரம் முழுவதையும் திரட்டுவதற்கென ஒதுக்குங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையை நேரில் சென்று பார்ப்பது முதல் வேலை. எங்களில் ஒருவர் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளன்று கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திற்குப் போய்விடுவார். அங்கே மனு கொடுக்க வரும் காது கேளாதோருக்கு உதவியது போலும் ஆகும், அவர்களுக்கு என்ன சிக்கல் என்பதும் தெரிந்துவிடும். அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கான மருத்துவக் குழு கூடும் நாள், வட்டார வள மையத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கான அளவீட்டு முகாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தனியார் வேலை முகாம் ஆகியவற்றின் தேதிகளை இவ்வாறே கேட்டுப் பெற வேண்டும்.

வேலை அறிவிப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. அதில் 1 விழுக்காடு காது கேளாதோருக்கும் கேட்புத்திறன் குறைந்தோருக்கும் உரியது. ஆனால் எந்தப் பணியிடம் யாருக்கு ஏற்றது என்பது அறிவிப்பின் நடுப்பக்கங்களில் ஒரு அட்டவணைக்குள் எழுதப்பட்டிருக்கும். அந்த அட்டவணையைத் தேடிப் பார்க்காமல் 'வேலை வந்திருக்கிறது' என்று மட்டும் செய்தி போட்டால், இருபது பேர் தேர்வுக்குப் படித்து, விண்ணப்பம் தள்ளுபடியான பிறகு ஏமாறுவார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தியை, வெளியிட்ட அலுவலகமும் தேதியும் தெரியாமல் ஒருபோதும் எடுத்துப் போடாதீர்கள். காது கேட்பவர் பொய்ச் செய்தியொன்றைப் பார்த்தால் நான்கு பேரிடம் விசாரித்துத் தெளிந்துகொள்வார். காது கேளாதவருக்கு அந்த நான்கு பேர் இல்லை. நீங்கள் சொன்னதை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார். எனவே ஒவ்வொரு செய்தியையும் உரிய அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்து, உறுதி செய்தவர் பெயரையும் நாளையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

எழுத்தும் காணொளியும்

அரசு அறிவிப்பு இப்படி இருக்கும்: 'மேற்படி முகாமில் கலந்துகொள்ள விரும்பும் செவித்திறன் குறையுடைய பயனாளிகள் தங்களது ஆதார் மற்றும் குடும்ப அட்டை நகல்களுடன் குறிப்பிட்ட நாளன்று காலை 10 மணிக்குள் தவறாது நேரில் வருகை புரியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இதை எங்கள் தாளில் பின்வருமாறு மாற்றுவோம்: 'ஜூன் 14, சனிக்கிழமை, காலை 10 மணி. இடம்: அரசு மருத்துவமனை, காது மூக்கு தொண்டைப் பிரிவு. காது மிஷின் தருகிறார்கள். பணம் வேண்டாம். ஆதார் ஜெராக்ஸ் வேண்டும். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வேண்டும். நீங்களே நேரில் வர வேண்டும்.' நாள் முதலில் வருகிறது, இடம் அடுத்து வருகிறது. செயப்பாட்டு வினையும் எச்சங்களின் தொடரும் மறைந்துவிடுகின்றன. காதொலிக் கருவி என்ற அழகான சொல் இருந்தும், மக்கள் வாயிலும் சிறப்புப் பள்ளி வகுப்பறையிலும் வழங்கும் காது மிஷின் என்பதையே போடுகிறோம். எழுதி முடித்ததும், குழுவில் இல்லாத காது கேளாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று சைகையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறிய இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

காணொளிக்குக் கைபேசி ஒன்றும் ஒரு முக்காலியும் போதும். பின்னணி ஒரே நிறத்தில், பூவேலையோ நாட்காட்டியோ இல்லாத சுவராக இருக்கட்டும். சைகை செய்பவரின் உடை, தோல் நிறத்திலிருந்து வேறுபட்டுக் கைகள் எடுப்பாகத் தெரியும்படி, கோடுகளோ கட்டங்களோ இல்லாமல் இருக்க வேண்டும். வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழ வேண்டும். சன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கறுத்துப் பாதிப் பொருள் போய்விடும். தலைக்கு மேல் ஒரு சாணும், இரு முழங்கைகளுக்கும் வெளியே சிறிது இடமும் விட்டு, இடுப்பு வரை தெரியும்படி படம்பிடியுங்கள். ஒரு செய்திக்கு ஒரு காணொளி, இரண்டு நிமிடத்திற்குள். ஐந்து செய்திகளை ஒன்றாகக் கோத்தால், தமக்கு வேண்டியதை யாராலும் தேடி எடுக்க முடியாது. தமிழ் வரிகளைக் காணொளியின் அடியில் பெரிய எழுத்தில் நிலையாகப் பதித்துவிடுங்கள். அவை கைகளை மறைக்கக்கூடாது. சைகை அறியாத முதியவர்கள் இவ்வரிகளைக் கொண்டே செய்தி பெறுகிறார்கள் என்பதால், வரி ஓடும் வேகம் அவர்கள் படிக்கும் வேகத்திற்கு இருக்க வேண்டும்.

எந்தச் சைகையைப் பயன்படுத்துவது என்ற கேள்வி எழும். தில்லியில் 2015-இல் அமைந்த இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வெளியிட்ட அகராதி 2018-இல் 3,000 சொற்களோடு தொடங்கி, 2021-இல் 10,000 சொற்களாக விரிந்தது. அதன் காணொளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இளைஞர்கள் அதைப் பார்த்துக் கற்கிறார்கள். ஆனால் நம் ஊரில் அறுபது வயதான ஒருவர் தம் பள்ளிக் காலத்துச் சைகையையே அறிவார். புதிய அரசுத் திட்டங்களின் பெயர்களுக்கு அகராதிச் சைகையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடச் சொற்களுக்கு உள்ளூர்ச் சைகையே நிற்கட்டும். இரண்டும் மோதும்போது இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயர்களுக்கு அங்கே வாழும் காது கேளாதோர் வைத்திருக்கும் சைகைப் பெயரையே கேட்டுப் பயன்படுத்த வேண்டும்.

நிலையான வழிகாட்டித் தாள்

மாதச் செய்தியோடு, மாறாத விவரங்களைக் கொண்ட தாள் ஒன்றும் எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதில் மிகுந்த இடத்தைக் குழந்தைகளுக்கு ஒதுக்குங்கள். ஏனெனில் மற்ற உதவிகள் ஓராண்டு தாமதமானாலும் பெற்றுக்கொள்ளலாம், குழந்தையின் மொழிக்கான காலம் தாமதித்தால் திரும்புவதில்லை.

பிறந்த குழந்தைக்கு ஒரு மாதத்திற்குள் கேட்புத்திறன் பரிசோதனையும், மூன்று மாதத்திற்குள் உறுதியான நோயறிதலும், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். காதினுள் சிறு முனையை வைத்து எடுக்கும் முதல் பரிசோதனையான ஓ.ஏ.இ. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதில் ஐயம் வந்தால், குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகளை ஒட்டி எடுக்கும் பெரா பரிசோதனை நடக்கும். அதற்குப் பயந்து நாள் கடத்தும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கைதட்டினால் திரும்புகிறானே என்று பாட்டி சொல்வதை நம்பி ஈராண்டு போக்கிவிடுவார்கள். கைதட்டும்போது அசையும் காற்றை உணர்ந்தோ நிழலைப் பார்த்தோ குழந்தை திரும்பும் என்பதைத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் இப்பரிசோதனைகளுக்கும் பயிற்சிக்கும் வழி உண்டு.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உட்செவியில் கேட்புக் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. இதை எழுதும்போது அறுவை சிகிச்சையோடு நிறுத்திவிடாதீர்கள். கருவியைப் பொருத்திய பின் மேப்பிங் எனப்படும் அளவு திருத்தத்திற்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும். பேச்சுப் பயிற்சி குறைந்தது ஓராண்டேனும் தொடர வேண்டும். வெளிப்புறக் கருவியின் வயரும் பேட்டரியும் பழுதானால் மாற்றச் செலவாகும். இவற்றையெல்லாம் முன்பே அறிந்த பெற்றோர் தாக்குப்பிடிக்கிறார்கள், அறியாதவர்கள் கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

சைகை கற்றுக்கொடுத்தால் குழந்தை பேசாது என்று சொல்வோர் இன்னும் உண்டு. என் அக்காவிற்கு ஏழு வயது வரை எங்கள் வீட்டில் யாரும் சைகை செய்யக்கூடாது என்று இருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் அவருக்குப் பசி, வலி என்பதற்கு மேல் எதையும் எங்களிடம் சொல்ல முடியவில்லை. கருவி அணிந்தாலும் அணியாவிட்டாலும் குழந்தைக்கு ஒரு முழுமையான மொழி முதல் நாளிலிருந்தே வேண்டும். சைகை அம்மொழியாகலாம், அது பேச்சுக்குப் பகையன்று. செவி வழிப் பேச்சுப் பயிற்சியை விரும்பும் பெற்றோருக்குச் சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற பள்ளிகளின் விவரத்தைக் கொடுங்கள். சைகை வழிப் பள்ளிகளின் விவரத்தையும் அதே அளவு எழுத்தில் கொடுங்கள். தேர்வு பெற்றோருடையது. பள்ளிப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் கேட்டுப் பெறலாம் என்பதைத் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்தியாக்க வேண்டும், ஏனெனில் விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். மத்திய அரசு 2024 டிசம்பரில் தொடங்கிய பி.எம். இ-வித்யா கல்வித் தொலைக்காட்சியின் 31-ஆம் அலைவரிசை முழுவதும் இந்தியச் சைகை மொழிக்கானது. வீட்டில் குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கான பகுதி சுருக்கமாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பத்திற்குக் கட்டணம் இல்லை. அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணமோ கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணோ கேட்பவரை நம்பக்கூடாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் உண்டு. ரயிலில், கேட்கவும் பேசவும் முற்றிலும் இயலாதவர் என்ற சான்று இருந்தால், இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் அவருக்கும் உடன் செல்பவருக்கும் பாதிக் கட்டணம். ஓட்டுநர் உரிமம் காது கேளாதோருக்குக் கிடையாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 2011-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தேசியக் காது கேளாதோர் சங்கம் தொடுத்த வழக்கு அந்தக் கதவைத் திறந்தது, 2016-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அவர்களுக்கும் உரிமம் வழங்கலாம் என்று மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதியது.

முதியவர்களுக்கு ஒரு செய்தியை மட்டும் பெரிதாகப் போடுங்கள்: ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் அடைத்துக் கேட்காமல் போனால் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு காத்திருக்கக்கூடாது, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சில நாட்களில் மருந்து தொடங்கினால் கேட்புத்திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. வாரங்கள் கடந்தால் அது குறைந்துவிடும்.

காவல் நிலையமும் நீதிமன்றமும் பற்றிய பகுதியை விட்டுவிடாதீர்கள், குறிப்பாகப் பெண்களுக்காக. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 125-ஆம் பிரிவின்படி, பேச இயலாத சாட்சி எழுதியோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம். அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும், மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ நீதிமன்றம் அமர்த்த வேண்டும், அவ்வாக்குமூலம் காணொளியாகவும் பதிவாகும். பாலியல் குற்றத்திற்கு ஆளான மாற்றுத்திறனாளியின் புகாரை அவருடைய வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் காவல்துறை பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்தில் அழைக்கக்கூடிய சைகை மொழிபெயர்ப்பாளர்கள் யார் என்பதை அவர்கள் ஒப்புதலோடு குழுவிடம் எழுதி வைத்திருப்பது, அந்த நாள் வரும்போது விலைமதிப்பற்றதாகும். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளர் வழியாக வாதத்தில் பங்கேற்றார். அச்செய்தியை நாங்கள் காணொளியாக வெளியிட்டபோது, எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மதுரையின் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த, காது கேளாதோருக்கான உலக விளையாட்டுப் போட்டியான டெஃப்லிம்பிக்ஸ் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வென்ற செய்தியும் இப்படியே பரவியது. முகாம் தேதிகளோடு மகிழ்ச்சியான செய்தி ஒன்றாவது ஒவ்வொரு மாதமும் இருக்கட்டும்.

பேரிடர் நாட்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களைப் பெருமழை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிக் கரையில் எச்சரிக்கை ஒலிபெருக்கியில் வந்தது, உறவினர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்கள், மின்சாரம் போனபின் அக்கம்பக்கத்தார் இருட்டில் குரல் கொடுத்துக்கொண்டார்கள். இவற்றுள் ஒன்றுகூடக் காது கேளாதவரை எட்டாது. இருட்டில் சைகையும் தெரியாது. அந்த வாரத்திற்குப் பின் நாங்கள் செய்த ஏற்பாட்டை ஒவ்வொரு குழுவும் மழைக்காலத்திற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காது கேளாத ஒவ்வொருவருக்கும் நடந்தே வந்து தட்டி எழுப்பக்கூடிய அண்டை வீட்டார் இருவரைப் பேசி வையுங்கள். ஒருவர் வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார். கைபேசியை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கப் பழக்குங்கள். கைவிளக்கு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வெளிச்சத்திற்கு மட்டுமன்றித் தம் முகத்திலும் கையிலும் ஒளி பாய்ச்சிச் சைகை செய்வதற்கும் அது வேண்டும். 'எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள்' என்று எழுதி நெகிழி உறையில் இட்ட அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தால், மீட்புப் படகில் வருபவரோடு வீண் குழப்பம் ஏற்படாது. எச்சரிக்கை வந்தவுடன் மாதக் காணொளிக்குக் காத்திராமல், கைபேசியை நேராகப் பிடித்து முப்பது வினாடியில் சைகை செய்து அனுப்பிவிடுங்கள். அப்போது பின்னணியையும் உடையையும் பார்க்க வேண்டியதில்லை.

நேரில் கூடுதல்

காணொளி சென்று சேராதவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். திறன்பேசி இல்லாதவர்கள், கணவர் கைபேசியைத் தராத பெண்கள், தனியே வாழும் முதியவர்கள் ஆகியோருக்காக மாதம் ஒரு முறை கூட்டம் நடத்துங்கள். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல், எல்லோரும் எல்லோர் கைகளையும் பார்க்கும்படி அரைவட்டமாகப் போட வேண்டும். பகலிலேயே கூடுவது நல்லது. காது மிஷின் அணிந்தவர்களுக்கு மின்விசிறி இரைச்சலும் ஒரே நேரத்தில் பலர் பேசுவதும் பெருந்தொல்லை. பேச விரும்புபவர் கை உயர்த்தி, மற்றவர்கள் தம்மைப் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கை முதல் கூட்டத்திலேயே பழக்குங்கள். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிக் காட்டும்; பிழைகள் வரும், எண்களையும் தேதிகளையும் அதை நம்பி விடாமல் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

தனிவிவரம் காத்தலும் திருத்தமும்

காணொளி பெறும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்கள் உதவி கேட்கும் ஆர்வத்தில் தம் அடையாள அட்டையையும் ஆதாரையும் படமெடுத்துப் பொதுக் குழுவில் போட்டுவிடுவார்கள். அவற்றை உடனே நீக்கச் சொல்லி, ஒருவருக்கு மட்டும் அனுப்பும் முறையைச் செய்து காட்டுங்கள். பெண்களுக்கெனத் தனிக் குழு, காது கேளாத பெண் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். குழந்தையின் படத்தைப் பெற்றோர் எழுத்தில் ஒப்பாமல் வெளியிடாதீர்கள்.

எவ்வளவு கவனித்தாலும் தவறு நேரும். ஒருமுறை முகாம் நடக்கும் கிழமையை நாங்கள் மாற்றிக் காட்டிவிட்டோம். தாளில் மட்டும் திருத்தம் போட்டோம், சைகைக் காணொளியை மாற்றவில்லை. பதினொரு பேர் தவறான நாளில் போய் நின்றார்கள். அதன்பின் நாங்கள் வைத்துக்கொண்ட விதி இதுதான்: தவறு தெரிந்த அதே நாளில், அதே ஆள், அதே உடையில், முதலில் 'பழையது தவறு' என்ற சைகையோடு தொடங்கிப் புதிய காணொளி எடுப்பார், பழைய காணொளி எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்கப்படும், திறன்பேசி இல்லாதவர்களின் வீட்டிற்கு ஒருவர் அன்று மாலைக்குள் நேரில் போய்ச் சொல்வார்.